கொல்லையில் கோய் மீன் குளம்: கட்டிடலாம், தண்ணி நிக்குமா? விருத்தாசலத்துப் பானையும் ஜாடியும் சொல்லும் கணக்கு

வெள்ளை உடம்பு, அதில் குங்குமம் கொட்டின மாதிரி சிவப்புத் திட்டு. கை தட்டினால் கூட்டமா மேலே வரும். கோய் மீன் ரீல்ஸ் ஒண்ணு பார்த்துட்டா போதும், அடுத்த பத்தும் அதேதான் வரும். குழி தோண்டுறாங்க, சிமென்ட் பூசுறாங்க, தண்ணி விடுறாங்க, மீன் நீந்துது. எல்லாம் ஒரே நிமிஷம். மூணாவது வாரம் அந்தக் குளத்துக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் யாரும் வீடியோ போடுவதில்லை.

சொந்தமா குளம் கட்டுறவங்க மாட்டிக்கொள்ளும் இடம் ரெண்டு. ஒண்ணு, தினமும் ஒரு விரல் தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, தண்ணி நல்லாத்தான் நிற்கும், ஆனா ஒருநாள் காலையில் மீன் எல்லாம் மல்லாந்து கிடக்கும். ரெண்டுக்கும் பல வீடுகளில் காரணம் ஒண்ணேதான்: சிமென்ட் மேல வைக்கிற அளவுக்கு மீறின நம்பிக்கை.

பானை வியர்க்குது, ஜாடி வியர்க்கலையே... ஏன்?

இதைப் புரிஞ்சுக்க கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தைவிட நல்ல ஊர் கிடையாது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த செராமிக் தொழில் இங்கே இருக்கு. அரசு செராமிக் தொழிற்பேட்டை இருக்கு. இந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கு. அகல் விளக்கு, பொம்மை, பீங்கான் சாமான் என்று இங்கிருந்து வெளியூருக்குப் போகும் சரக்கு ஏராளம்.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டிய அவசியமே இல்லாத விஷயம் இது. மண்பானை வியர்க்கும், ஊறுகாய் ஜாடி வியர்க்காது. ரெண்டும் சுட்ட மண்தான். பானையின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு, அது வழியா தண்ணி மெல்ல வெளியே வந்து ஆவியாகுது. அதனால்தான் பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கு. ஜாடி மேல 'கிளேஸ்' என்கிற கண்ணாடிப் பூச்சு இருக்கு. சூளையில் உருகி, துளைகளை மூடி, ஒரே தோலா படிஞ்சிடும்.

அதாவது, ஜாடியைத் தாங்குறது மண், தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது தோல். இப்போ உங்க குளத்துக்கு வருவோம். சிமென்ட் காங்கிரீட் என்பது பானை மாதிரி. எவ்வளவு கனமா போட்டாலும் அதில் நுண்துளை இருக்கும், காயும்போது மயிரிழை வெடிப்பும் வரும். குளத்துக்கு உருவமும் பலமும் கொடுக்க சிமென்ட் சரி. தண்ணியை நிறுத்த மேலே ஒரு தோல் வேணும். அந்தத் தோல் எதில் இருக்கணும், எப்படிப் போடணும் என்பதுதான் மொத்த விஷயமே.

இவ்வளவு களிமண் இருக்கும் ஊரில், களிமண்ணையே பூசினால் என்ன?

நியாயமான கேள்வி. நம்ம ஏரி, குளம் எல்லாம் அப்படித்தான் நிற்குது. தூர்வாரும்போது அடியில் இருக்கும் களிமண் படுகை வரைக்கும் சுரண்டி எடுத்துட்டா அந்த ஏரியில் அப்புறம் தண்ணி தங்காதுன்னு விவசாயிகள் சத்தம் போடுவதும் இதனால்தான். கோய் மீனின் தாய்வீடான ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியில் இன்னைக்கும் மண் குளத்தில்தான் மீனை வளர்க்குறாங்க. அங்கே நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டையில் நிறம் மாறிப் பிறந்ததைத் தனியாப் பிரிச்சு, சுமார் 200 வருஷமா தேர்ந்தெடுத்து உருவாக்கினதுதான் கோய். 1914-ல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்கு அப்புறம்தான் ஜப்பான் முழுக்க பிரபலமாச்சு.

ஆனா கொல்லைக் குளத்தில் களிமண்ணுக்கு மூணு சிக்கல். முதல் விஷயம், களிமண் ஈரமா இருக்கும்வரைதான் தண்ணியைத் தடுக்கும். ஒருதடவை காய்ஞ்சா வெடிக்கும், வெடிச்சா கதை முடிஞ்சது. ரெண்டாவது, கோய் என்பது அடிப்படையில் கெண்டை. கெண்டையின் வேலையே அடிமண்ணைக் கிளறித் தீனி தேடுறது. தண்ணி எப்பவும் டீ மாதிரி கலங்கியே இருக்கும். காசு கொடுத்து வாங்கின சிவப்புத் திட்டு கண்ணுக்கே தெரியாது.

மூணாவது விஷயம் பலருக்குத் தெரியாது. எல்லாக் களிமண்ணும் ஒண்ணு இல்ல. கப்பும் பொம்மையும் செய்ய உதவும் வெள்ளைக் களிமண் தண்ணியில் பெரிசா உப்பாது, அதனால்தான் அது சூளையில் உருவம் கெடாமல் வருது. கசிவை அடைக்க நல்லா உப்புகிற களிமண் வேணும். அதுக்குப் பேர் பென்டோனைட். நம்ம நாட்டில் குஜராத், ராஜஸ்தான் பக்கம் கிடைக்குது. செராமிக் யூனிட்டில் இருந்து ஒரு லோடு களிமண் வாங்கிக் கொட்டிட்டா குளம் ரெடின்னு நினைச்சா, ஏமாற்றம்தான்.

"அப்போ டைல்ஸ்?" அதுவும் உதவாது. டைல்ஸ் வழியா தண்ணி போகாது, வாஸ்தவம். ஆனா ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு வழியா போகும். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டியும் பின்பக்கச் சுவரில் ஓதம் அடிக்குதே, அதே கதைதான். டைல்ஸ் அழகுக்கு. கசிவைத் தடுக்கும் தோல் அதுக்கு அடியில் ஏற்கெனவே இருந்தாகணும்.

அப்போ வழி என்ன? விரிப்பா, காங்கிரீட்டா?

ரெண்டு வழி இருக்கு. முதல் தடவை, சொந்தக் கையால் செய்றவங்களுக்கு விரிப்புதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. காரணம், உங்க காலடி மண். விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் முந்திரி விளையும் செம்மண்ணும் உண்டு, கோடையில் பாளம் பாளமா வெடிக்கிற களிமண்ணும் உண்டு. களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். வருஷா வருஷம் அசையுற தரையில் அசையாத காங்கிரீட்டைப் பதிச்சா, எங்கேயாவது ஒரு இடத்தில் அது விட்டுக்கொடுத்துதான் ஆகணும். விரிப்பு வளைஞ்சு கொடுக்கும்.

விரிப்பில் நல்லது இ.பி.டி.எம். என்கிற ரப்பர் ஷீட், 1 மில்லிமீட்டர் கனம். விலை அதிகம். அடுத்தது எச்.டி.பி.இ. ஷீட், 500 மைக்ரான். தோட்டக்கலைத் துறை திட்டங்களில் பண்ணைக்குட்டைக்கு விரிக்கிறாங்களே, அதே கறுப்பு ஷீட்தான். கொஞ்சம் விறைப்பா இருக்கும், வளைவு நெளிவா குழி வெட்டினால் மடிப்பு விழும். சாதாரண தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். வெயில் பட்டுப் பொடிப்பொடியா உதிரும்.

எவ்வளவு வாங்கணும்? நீளத்தோடு ஆழத்தை ரெண்டு மடங்கு கூட்டுங்க, ஓரத்துக்கு இந்தப்பக்கம் 30 சென்டிமீட்டர், அந்தப்பக்கம் 30 சென்டிமீட்டர் சேருங்க. அகலத்துக்கும் அதே மாதிரி. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள குழிக்கு 6-க்கு 5 மீட்டர் ஷீட் வேணும். ஒரே துண்டா வாங்குங்க. ரெண்டு துண்டை வீட்டில் பசை போட்டு ஒட்டுற வேலை வேண்டாம், கசிவு அங்கேதான் தொடங்கும்.

குழி வெட்டினதும் கல், வேர், கண்ணாடித்துண்டு எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, 5 சென்டிமீட்டருக்கு மணல் பரப்பி, அதுக்கு மேல ஜியோடெக்ஸ்டைல் என்கிற கம்பளித் துணி மாதிரியான விரிப்பைப் போட்டு, அப்புறம்தான் ஷீட். கரையை ரசமட்டம் வச்சுப் பார்க்காம விடாதீங்க. கொத்தனார் பயன்படுத்துற டியூப் லெவல் இருந்தா இன்னும் சுலபம். ஒருபக்கம் ரெண்டு இஞ்ச் தாழ்ந்திருந்தால், குளம் நிரம்பின பிறகுதான் தெரியும், அப்போ ஒண்ணும் பண்ண முடியாது. வெளியே தெரியுற ஷீட் ஓரத்தைக் கல் வச்சு மூடுங்க. வெயிலும் பெருச்சாளியும் அதுக்கு எதிரி. தென்னை, மூங்கில் பக்கத்தில் குழி எடுக்கவே எடுக்காதீங்க.

காங்கிரீட்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, கம்பி கட்டாம தொடாதீங்க. தண்ணியோட எடை சாதாரணமா நமக்கு உறைக்காது. நாம சொன்ன அதே குளத்தில் 7,200 லிட்டர், அதாவது 7 டன்னுக்கு மேல. 3 மீட்டர் நீளச் சுவர் ஒண்ணை மட்டும் தண்ணி தள்ளுற விசை 2 டன் எடைக்குச் சமம். தரைக்கு மேல எழுப்புற குளமா இருந்தா ஒற்றைச் செங்கல் சுவர் இதைத் தாங்காது. கம்பிக் கணக்கை ஒரு இன்ஜினியரிடம் கேட்டுக்கிட்டு செய்யுங்க.

தரையையும் சுவரையும் முடிஞ்சவரை ஒரே நாளில் ஊத்துறது நல்லது. நேத்து போட்ட காங்கிரீட்டுக்கும் இன்னைக்குப் போட்டதுக்கும் நடுவில் விழுற கோடுதான் அப்புறம் கசியுற கோடு. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூராக விடாம, கலவையை உருட்டி வளைவா பூசச் சொல்லுங்க. பைப் வெளியே போகும் இடத்தைச் சுற்றியும் அதே கவனம் வேணும். குறைந்தது 7 நாள், முடிஞ்சா 14 நாள் ஈரம் காயாம தண்ணி விடணும். எங்க வீட்டு மொட்டைமாடி வேலையில் இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டோம், இன்னைக்கு வரைக்கும் மழை வந்தால் ஹாலில் பக்கெட் வைக்கிறோம்.

அது நல்லா இறுகினதும், நாம சொன்ன அந்தத் தோல். பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு ரெண்டு கை. முதல் கை குறுக்கே அடிச்சா, ரெண்டாவது கை நெடுக்கே. மூலைகளில் ஃபைபர் வலைத்துணி பதிச்சு அடிக்கணும். பூச்சு வாங்கும்போது குடிநீர்த் தொட்டிக்கு உகந்ததுன்னு டப்பாவில் போட்டிருக்கான்னு பாருங்க. மொட்டைமாடிக்கு அடிக்கிற சாதாரண வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் மீனுக்கு ஆகாது.

தண்ணி நிக்குது, மீன் ஏன் சாகுது?

புது சிமென்டில் இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியில் வரும். தண்ணியோட காரத்தன்மை, அதாவது பி.எச். அளவு, எகிறும். ஈரமான புது சிமென்டின் பி.எச். 12-க்கு மேல. கோய்க்கு ஏற்றது 7-ல் இருந்து 8.5 வரை. இதனால் செவுளும் தோலும் நேரடியாப் புண்ணாகும்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமா கொல்ற வழி இன்னொண்ணு இருக்கு. மீன் கழிவில் இருந்து அம்மோனியா வரும். தண்ணியில் அது ரெண்டு உருவத்தில் இருக்கும், ஒண்ணு அவ்வளவா தொந்தரவு செய்யாது, இன்னொண்ணு விஷம். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருந்தா மொத்த அம்மோனியாவில் விஷ உருவம் 1 சதவீதம்கூட இருக்காது. அதே தண்ணி பி.எச். 9-க்கு ஏறினால் கிட்டத்தட்ட பாதி விஷமா மாறிடும். மீனும் அதேதான், தீனியும் அதேதான். சிமென்ட் மட்டும்தான் நிலைமையை மாத்தியிருக்கு. நம்ம ஊர் வெயில் வேற அதுக்குத் துணை.

அதனால் காங்கிரீட் குளத்தை நிரப்பி, சில நாள் ஊறவச்சு, வடிச்சு, சுவரைத் தேய்ச்சுக் கழுவி, திரும்ப நிரப்பணும். இப்படிப் பல தடவை. எத்தனை தடவைன்னு எண்ணிக்கையில் சொல்ல முடியாது, பி.எச். சோதனைக் குச்சிதான் சொல்லணும். அலங்கார மீன் கடையிலேயே அது கிடைக்குது. நிரப்பி ரெண்டு மூணு நாள் ஆகியும் 8.5-ஐத் தாண்டாம நின்னா அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இந்தக் காத்திருக்கும் காலத்தில் குளம் கொசுப் பண்ணையா மாறிடும். வாரத்துக்கு ஒருதடவை கட்டாயம் வடிச்சிடுங்க, டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எட்டிப் பார்க்குறது இதைத்தான்.

விரிப்புக் குளத்துக்கு இந்தச் சுண்ணாம்புத் தொல்லை இல்லை. ஆனா அம்மோனியா ரெண்டுக்கும் பொது. அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறணும், அதுக்கு 4-ல் இருந்து 6 வாரம் பிடிக்கும். இங்கே நம்ம பானை மறுபடி உதவிக்கு வருது. பாக்டீரியா தங்க நுண்துளை வேணும். நல்லா சுட்ட, கிளேஸ் பூசாத, பெயின்ட் படாத செராமிக் துண்டுகள் அதுக்கு அருமையான வீடு. ஃபில்டரில் போடவே செராமிக் வளையங்களைக் கடையில் காசு வாங்கிக்கிட்டு விக்கிறாங்க. பளபளப்பான உடைசல் உதவாது. அதோட கலர் பூச்சில் என்ன உலோகம் இருக்குன்னும் தெரியாது, குளத்தில் போடாதீங்க.

பம்ப் விஷயத்தில் ஒரே கணக்கு: குளத்துத் தண்ணி முழுக்க ரெண்டு மணி நேரத்துக்குள் ஒருதடவையாவது ஃபில்டர் வழியா வந்துடணும். 7,200 லிட்டருக்கு மணிக்கு 4,000 லிட்டர் பம்ப். பம்ப் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாம கையைத் தண்ணியில் விடாதீங்க. கரன்ட் கட் ஆனால் ஓட, பேட்டரியில் இயங்குற சின்ன ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வையுங்க. தண்ணி சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். மே மாசம் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்குதுன்னா பசி இல்லை, மூச்சு முட்டுது. ஆழம் 1.2 மீட்டருக்குக் குறைய வேண்டாம், மேலே நிழல்வலை கட்டுங்க.

இறங்குறது ஆவியா, கசிவா? ஒரு பக்கெட் போதும்

தண்ணி குறைஞ்சாலே கசிவுன்னு பதறி குளத்தை உடைக்கிறவங்க உண்டு. கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியா போறது சகஜம். நம்ம குளத்தின் பரப்பு 6 சதுர மீட்டர், அப்படின்னா 36 லிட்டர். ரெண்டு குடத்துக்கு மேல, வெறும் வெயிலுக்கே.

சோதிச்சுப் பார்க்க, ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணியை எடுத்து, அதைக் குளத்துக்குள்ளேயே ஒரு கல் மேல, முக்கால்வாசி முங்குற மாதிரி வையுங்க. பக்கெட்டுக்கு உள்ளே ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. பம்பை நிறுத்துங்க. மீன் இருந்தா ஏர் பம்பை மட்டும் ஓடவிடுங்க. 24 மணி நேரம் கழிச்சு அளங்க. ரெண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தா ஆவிதான், நிம்மதியா தூங்கலாம். பக்கெட்டில் 6, குளத்தில் 25 மில்லிமீட்டர்னா கசிவு உறுதி. அடுத்த நாள் பம்பை ஓடவிட்டு அளங்க. பம்ப் ஓடும்போது மட்டும் அதிகமா இறங்கினால் குளத்தில் குறை இல்லை, பைப்பிலோ அருவி ஓரத்திலோ ஒழுகுது.

குளத்திலேயேதான் கசிவுன்னா அவசரப்பட்டு உடைக்காதீங்க. மீனை வேற தொட்டிக்கு மாத்திட்டு, தானா இறங்கட்டும்னு விடுங்க. எந்த மட்டத்தில் வந்து நிற்குதோ, ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கு. அந்தக் கோட்டைச் சுற்றி மட்டும் தேடினால் போதும்.

எப்போ வேலையைத் தொடங்கலாம்?

பிப்ரவரி, மார்ச். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே கூடாது. வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டம் எப்படி நனையும்னு சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். குளத்தைக் கழுவலாம்னு நவம்பரில் காலி பண்ணினால், வெளித் தண்ணி கீழே இருந்து தள்ளும். விரிப்பு பலூன் மாதிரி உப்பி எழும், காங்கிரீட் தரையில் வெடிப்பு விழும். அந்த மாசங்களில் குளம் நிறைஞ்சிருக்கிறதுதான் அதுக்குப் பாதுகாப்பு. கரையைத் தரையைவிட ஒரு அரை அடி உயர்த்திக் கட்டினால் தெருத்தண்ணியும் உரம் கலந்த தோட்டத்துத் தண்ணியும் உள்ளே வராது.

பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்து குறைந்தது குழியின் ஆழம் அளவாவது தள்ளித் தோண்டுங்க. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தா, மீன் வாங்குறதுக்கு முன்னாடி இரும்பு வலை மூடி செய்யக் கொடுத்துடுங்க. அது மீன்கொத்திக்கும் கொக்குக்கும்கூட தடைதான்.

கடைசியா, எத்தனை மீன்?

ஆயிரம் லிட்டருக்கு ஒண்ணு. இந்தக் குளத்துக்கு ஆறு, ஏழு மீன். சென்னை கொளத்தூர் கடைகளில் விரல் நீளக் குஞ்சைப் பார்த்துட்டு இருபது வாங்கத் தோணும். அது ரெண்டு அடிக்கும் வளரும், 25 வருஷத்துக்கு மேலயும் வாழும். வாங்கினதும் பையோட அரைமணி நேரம் தண்ணியில் மிதக்கவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குளத்துத் தண்ணியைப் பைக்குள் கலந்து விடுங்க. கார்ப்பரேஷன், நகராட்சிக் குழாய்த் தண்ணி பிடிச்சிருந்தா குளோரின் போக ஹைப்போ போட்டிருக்கணும். போர்வெல் தண்ணின்னா ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டம் கொடுத்திருக்கணும்.

வளர்ந்து இடம் போதலைன்னா கடைக்காரரிடமே திருப்பிக் கேட்டுப் பாருங்க, இல்ல பெரிய குளம் வச்சிருக்கிறவங்களுக்குக் கொடுங்க. மணிமுத்தாற்றிலோ வெலிங்டன் ஏரியிலோ கொண்டுபோய் விட்டுடாதீங்க. கோயின் சொந்தக்காரக் கெண்டை நம்ம மாநிலத்துக்கு 1939-ல் இலங்கையில் இருந்து ஊட்டி வழியா வந்தது, பூர்வீக மீன் இல்லை. கொல்லையில் அடிமண்ணைக் கிளறுகிற அதே வேலையை ஏரியிலும் செய்யும், நம்ம கெளுத்தியும் கெண்டையும் முட்டை போடுற இடம் அதுதான்.